ஐஸில் வைத்த ரத்தம்

என் தங்கையின் வயிற்றில் வந்த நான்கும் தங்கவில்லை. முதல் மூன்றும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. நான்காவது ஏழு மாதம் வரை வந்து, பிறந்து, ஒரு பகல் முழுக்க மூச்சு வாங்கிவிட்டுப் போனது. மேலுதடு பிளந்திருந்தது. ஒரு கையில் ஆறு விரல். அம்மையார்குப்பத்து ஏரிக்கரையில் அதற்குக் குழி வெட்டியது நான்தான். அன்றைக்கு நான் ஊரில் இருந்தது தற்செயல். பெரும்பாலும் நான் எங்கேயாவது இருப்பேன்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். காசிமேட்டில் மீன் பெட்டிக்கு ஐஸ் அடித்தேன், தாராபுரம் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போனேன், பழைய பேப்பர் கடையில் எடை போட்டேன். அதுவரை எந்த ஊரிலும் இரண்டாவது மழைக்காலத்தைப் பார்த்ததில்லை. அப்போது திருத்தணியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை, வாடகைக்கு ஒரு ஷேர் ஆட்டோ. அதுவும் எத்தனை நாளைக்கென்று தெரியாது.

தங்கையைக் கட்டியவர் எங்கள் அத்தை மகன். எங்கள் வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஓடும். அப்பாவை நைனா என்போம், அத்தை மகனைப் பாவா என்போம். பாவா வீட்டில் நான்கு பவர்லூம். தங்கை இரண்டைப் பார்த்துக்கொள்வாள், அவர் இரண்டை. தறிச் சத்தத்தில் அந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. அதனால் அத்தை என்ன சொன்னாலும் தெருவுக்கே கேட்கும்.

நான்காவதும் போன பிறகு திருவள்ளூர் டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் குரோமோசோம் பார்க்க வேண்டும். இவர்களில் யாரிடமாவது ஒரு குரோமோசோமின் துண்டு உடைந்து இன்னொன்றில் ஒட்டியிருக்கலாம். அப்படி இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் இடம் மாறியிருந்தாலும் எல்லாமே அவரிடம் இருக்கிறது. பிள்ளைக்குப் பாதி போகும்போதுதான் ஏதோ ஒன்று கூடும் அல்லது குறையும். அது தெரிந்தால் மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்க்கலாம் என்றார்.

அத்தை அதற்குள் நகரி பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள்.

"ரிப்போர்ட்டு வரட்டும்மா," என்றார் பாவா. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வரட்டும் என்றுதான் சொன்னார். தங்கை அந்த வீட்டில் இருப்பதா கிளம்புவதா என்பது அந்தக் காகிதத்தில் வந்து நின்றது.

தறி நிற்கிற நாளில்தான் ரத்தம் கொடுக்க வருவேன் என்றார் பாவா. தறி நிற்பது ஆடி கிருத்திகைக்கு. இரண்டு பேரும் திருத்தணி மலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் பாவா கீழே வந்தார். ரத்தம் எடுக்கிற கடையில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போன வருஷம் முதுகு பூரா அலகு குத்திகினு மலை ஏறினியே பாவா, இதுக்கா?" என்றேன்.

"அது சாமி ஊசிடா. இது டாக்டர் ஊசி."

"அந்த ஊசி உன் பாவாவக் கேட்டுட்டுக் குத்திச்சி, இது கேக்காது," என்றாள் தங்கை. அன்றைக்கு மூன்று பேருமே சிரித்தோம். அவள் பயப்படாமல் கையை நீட்டினாள். நான்கு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த கை.

பச்சை மூடி போட்ட இரண்டு குழாய்கள். ஆனால் சென்னைக்கு எடுத்துப் போகிற வண்டி வரவில்லை. காவடிக் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை மறித்துவிட்டார்கள்.

"நாளைக்குன்னா வீணாப் பூடும்ங்க," என்றாள் ரத்தம் எடுத்த பெண். "நீங்களே ட்ரெயின்ல எடுத்துகினு போய்க் குடுத்துடுங்களேன். சூடு மட்டும் படாமப் பாத்துக்குங்க. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். பத்து மாதம் மீனைச் சூடு படாமல் பார்த்துக்கொண்டவன் நான். மீனுக்கும் ஐஸுக்கும் நடுவில் காற்று இருக்கக் கூடாது. தூரம் அதிகமென்றால் ஐஸில் கல்லுப்பைத் தூவ வேண்டும். உப்புப் போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிட அதிகமாகக் குளிரும். ஆந்திராவுக்கு லாரி ஏற்றும்போது அப்படித்தான் செய்வோம்.

ஜூஸ் கடையில் ஒரு தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் வாங்கினேன். உப்புக்கு அலையவே வேண்டியதில்லை. மலையடிவாரம் முழுக்க வேண்டுதலுக்கு உப்பும் மிளகும் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். நான்கு பொட்டலம் வாங்கி ஐஸின் மேல் பிரித்துக் கொட்டினேன். மிளகைப் பொறுக்க நேரமில்லை, ரயில் வந்துகொண்டிருந்தது. இரண்டு குழாய்களையும் நடுவில் புதைத்து, பெட்டியை டேப்பால் சுற்றினேன். சாமிக்கு வாங்கியதைப் போட்டிருக்கிறேன், கெட்டது நடக்காது என்றும் ஒரு நினைப்பு இருந்தது. மறைப்பானேன்.

ரயிலில் நிற்க இடமில்லை. மஞ்சள் துணிக் கூட்டம். பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அரக்கோணம் வரைக்கும் ஒரே காலில் போனேன். அதற்குப் பிறகு உட்கார இடம் கிடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். தொடை மரத்துப்போகிற அளவுக்குச் சில்லென்று இருந்தது. நல்ல வேலை செய்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தது.

பரிசோதனைக் கூடத்தில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தாள். டேப்பை வெட்டி, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, ரசம் வைக்கப் போறீங்களா?"

உருகிய ஐஸில் மிளகு மிதந்துகொண்டிருந்தது. அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்ததும் சிரிப்பு நின்றது. நல்ல ரத்தம் நிற்க வைத்தால் அடியில் சிவப்பும் மேலே மஞ்சள் தண்ணீருமாகப் பிரியுமாம். இது பிரியவில்லை. குங்குமம் கரைத்த தண்ணீர் போல, அந்தப் பக்கம் இருந்த அவள் விரல் தெரிய, ஒரே சிவப்பாக இருந்தது.

"குளிர்ல செல்லு எல்லாம் உறைஞ்சி உடைஞ்சி போச்சுங்க. யாரு ஐஸ்ல வைக்கச் சொன்னது?"

"சூடு படக் கூடாதுன்னாங்க."

"சூடும் ஆவாது, ஐஸும் ஆவாது. சாதாரணமா சட்டைப் பையில போட்டுகினு வந்திருந்தாக் கூடப் பொழச்சிருக்கும்."

நான் கேட்டது மீன்காரனின் கேள்வி. மீன் செத்தாலும் உள்ளே இருக்கிற முள் அப்படியேதானே இருக்கிறது? ரத்தம் செத்தால் உள்ளே இருப்பது எங்கே போய்விடும்?

"டி.என்.ஏ எங்கயும் போவல. நீங்க கேக்குறது டி.என்.ஏ இல்ல, குரோமோசோம். செல்லு டி.என்.ஏவ எப்பவும் மூட்டையாக் கட்டி வெச்சிருக்காது. செல்லு ரெண்டாப் பிரியப் போற நேரத்துல மட்டும்தான் இறுக்கிக் கட்டும். கட்டுறதுக்கு உயிர் வேணும். செத்த செல்லு மூட்டை கட்டாதுங்க."

எனக்கு அது சட்டென்று புரிந்தது. வீட்டில் இருக்கும்போது சாமான்கள் பரவிக் கிடக்கும். கிளம்புகிற அன்றைக்குத்தான் மூட்டை. நான் காலி செய்த அறைகளை எண்ணினால் பத்துக்கு மேல் வரும்.

ஆனாலும் கெஞ்சினேன். இரண்டாவது முறை அந்த மனிதர் வரமாட்டார் என்று சொன்னேன். மிஞ்சிய செல்லை வளர்த்துப் பார்க்கிறேன், நம்பாதீர்கள் என்றாள் அவள். மூன்று நாள் ஆகும். நான் ஊருக்குப் போகவில்லை. போய் என்ன சொல்வது? சென்ட்ரலில் பார்சல் இறக்கும் வேலைக்கு நின்றுகொண்டு, மாலையில் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் படிக்கட்டில் அவள் சொல்லிக் கேட்டதோடு, பிறகு பழைய பேப்பர் கடையில் எனக்குக் கிடைத்த பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏவை நீட்டிப் போட்டால் என் உயரத்தைவிட அதிகம், இரண்டு மீட்டர். செல்லோ கண்ணுக்கே தெரியாது. அவ்வளவு நீளம் சும்மா அமுக்கினால் அடங்காது. அதற்கென்று புரதங்கள் இருக்கின்றன, ஹிஸ்டோன் என்று பெயர். எட்டு எட்டாகச் சேர்ந்து ஒரு மணி போல நிற்கும். இழை அந்த மணியை இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றிவிட்டு அடுத்த மணிக்குப் போகும். பசை கிடையாது, முடிச்சு கிடையாது. இழையில் இருக்கும் மின்சாரம் ஒரு வகை, ஹிஸ்டோனில் இருப்பது அதற்கு எதிர் வகை. அந்த இழுப்பில் ஒட்டிக்கொள்கின்றன. சுற்று அவிழாமல் இழை உள்ளே வந்து வெளியேறும் இடத்தில் இன்னொரு ஹிஸ்டோன் வந்து பிடித்துக்கொள்ளும். இப்படிக் கோடிக்கணக்கான மணிகள். செல் பிரியும் நேரம் வந்தால் வளையம் மாதிரி வேறு புரதங்கள் வந்து, மணி கோத்த இழையை மடிப்பு மடிப்பாக இழுத்து இறுக்கும். அப்போதுதான் நாற்பத்தாறும் தனித்தனியாகக் குட்டையாகித் தெரியும். இழை இரட்டிக்கிற நேரத்தில் புது இழைக்கு வேண்டிய ஹிஸ்டோன்களையும் செல் அப்போதே செய்துகொள்ள வேண்டும். செத்துப்போனது எதைச் செய்யும்?

இறுக்கிய நிலையிலேயே செல்லை நிறுத்தி வைத்தால்தான் பார்க்க முடியும். அதற்கு ஒரு மருந்து ஊற்றுகிறார்கள். மருந்தின் பெயரைக் கேட்டேன். கொல்சிசின் என்றாள். கண்வலிக்கிழங்குச் செடியில் இருப்பது.

கண்வலிக்கிழங்கு எனக்குத் தெரியும். செங்காந்தள். தாராபுரம் பக்கம் கம்பிப் பந்தல் போட்டு வளர்ப்பார்கள், நான் ஒரு பூப்பருவம் முழுக்க அதில் வேலை செய்தேன். அந்தப் பூவுக்குப் பூச்சியை நம்ப முடியாது. காலையில் வெயில் ஏறுவதற்குள் ஆள்தான் ஒவ்வொரு பூவாகத் மகரந்தத் தூளைத் தொட்டுச் சூல்முடியில் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் பூ தொட்டிருப்பேன். விதையை லாரியில் ஏற்றிப் போவார்கள். எதற்கென்று கேட்டால் மருந்துக்கு என்பார்கள். கை கழுவாமல் சோற்றைத் தொடாதே, செத்துப்போவாய் என்பார் தோட்டக்காரர். நான் தடவிய பூவின் விஷம் இங்கே ஒரு குப்பியில் இருந்து என் தங்கையின் செல்லை நிறுத்துவதற்குக் காத்திருந்தது. நிறுத்துவதற்கு அங்கே ஒரு செல்லும் இல்லை.

மூன்றாம் நாள் அவள் இரண்டு பேருடைய கண்ணாடித் தகடுகளையும் காட்டினாள். இரண்டிலும் ஊதாக் கறைதான். ஒப்பிட்டுப் பார்க்க வேறு யாருடையதோ ஒன்றையும் காட்டினாள். தெளித்துவிட்ட மாதிரி, இடுப்பில் ஒடுங்கிய குட்டிக் குட்டிக் குச்சிகள். "இப்படி வரணும்," என்றாள். அவ்வளவுதான்.

அம்மையார்குப்பத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், குழாய் உடைந்துவிட்டது என்றாவது. பாவா தறியை நிறுத்தாமலே கேட்டார்.

"ஒரு தடவ குடுத்தாச்சி. திரும்பத் திரும்ப உருவிகினு இருக்க நான் இன்னா மாடா?"

"தப்பு என்னுது பாவா. ஒரே ஒரு தடவ."

"போடா."

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். "அவன் ரத்தத்துல இன்னாடா குறை? அவன் ரத்தம் என் ரத்தம். என் ரத்தம் உங்க நைனா ரத்தம். அதுல குறைன்னா உங்களுக்கும்தான் குறை. வேணும்னா அவளுதப் பாத்துக்கோ."

அத்தை சொன்னதில் உண்மை இருந்தது. குறை அந்த வழியாக வந்திருந்தால் என்னிடமும் இருக்கலாம். நான் பார்த்துக்கொள்ளவில்லை. கல்யாணம் ஆகாதவனுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

தங்கை என்னைத் திட்டவில்லை. "நீ ஐஸ் வெப்பேன்னு எனக்குத் தெரியும்ணா, நானே போயிருக்கணும்," என்றாள். அடுத்த வாரம் அவளே சென்னைக்கு ரயிலேறினாள். ரத்தம் கொடுத்த அன்றும், முடிவு வந்த அன்றும் நான் கூடப் போனேன். பரிசோதனைக் கூடத்துப் பெண் திரையில் தங்கையின் குரோமோசோம் படத்தைக் காட்டினாள். நாற்பத்தாறையும் வெட்டி, ஜோடி ஜோடியாக, பெரியதிலிருந்து சின்னது வரை நிறுத்தியிருந்தாள்.

தங்கை ரொம்ப நேரம் பார்த்தாள். "நூலுல குறை இருக்குதான்னு பாக்கணும்னா பிரிச்சிதானே பாப்போம்? சுத்தி வெச்சா மேல் சுத்து மட்டும்தானே தெரியும்?"

"நூல் ஒண்ணுன்னா நீங்க சொல்றது சரி," என்றாள் அவள். "இங்க நாப்பத்தாறு. பிரிச்சிப் போட்டா ஒரே சிக்கு, எது எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொண்ணும் தன் கட்டுல நின்னாத்தான் எதுல வாலு அதிகம், எதுல கம்மின்னு தெரியும். உங்களுது எல்லாம் சரியா இருக்குது."

"அப்போ என்னுது இல்ல."

"உங்களுது இல்ல. அவருதப் பாக்காம அவருதுன்னும் சொல்ல முடியாது. வேற காரணமும் இருக்கலாம்."

திரும்பி வரும்போது தங்கை காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். மணவூர் தாண்டும்போது, "பாவா இதப் பாத்தா ஒத்துக்குவாரு," என்றாள்.

பாவா பார்த்தார். அத்தையும் வாங்கிப் பார்த்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது. "நல்லா இருக்குதுன்னு போட்டிருக்குதா?"

"ஆங், எல்லாம் சரியா இருக்குதுன்னு போட்டிருக்குது அத்தே," என்றாள் தங்கை.

"எல்லாம் சரியா இருந்தா அப்புறம் ஏன் தங்கல? உடம்புல குறை இல்லன்னா ராசியிலதானே குறை?"

குறை இருந்திருந்தால் அதைக் காட்டி அனுப்பியிருப்பார்கள். இல்லாததைக் காட்டியும் அனுப்பினார்கள். பாவாவின் ரத்தத்தைப் பார்ப்பதற்கு ஒரே ஒரு நாள் கிடைத்தது. அந்த ஒரு நாளில் அதை நான் உப்பில் வைத்தேன். இதை எப்படித் திருப்பிப் போட்டாலும் வேறு மாதிரி வரவில்லை.

தை மாதம் நகரி பக்கம் ஒரு கோயிலில் பாவாவுக்குக் கல்யாணம் நடந்தது. தங்கை இரண்டு பையோடு என் அறைக்கு வந்தாள். போலீசுக்குப் போகலாம் என்றேன். "போய்? அந்த வூட்டுலயே திரும்ப உக்காரணுமா?" என்றாள். திருத்தணியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துப் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நானும் இரண்டாவது மழைக்காலத்தை ஒரே ஊரில் பார்த்தேன்.

அவள் கடைக்கு அம்மையார்குப்பத்து ஆட்கள் வருவார்கள். யாரும் கேட்காமலே செய்தி வரும். புதிதாக வந்தவளுக்கு ஒன்று போனது என்று முதலில் சொன்னார்கள். சில மாதம் கழித்து இரண்டாவதும் போனது, திருத்தணி பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள் என்றார்கள். அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் தங்கை என் ஆட்டோவில் வந்து ஏறினாள். மடியில் அந்தப் பிளாஸ்டிக் உறை.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"அங்க அத்த இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும்."

அத்தை இல்லை, டீ வாங்கப் போயிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. முகம் வெளுத்து, சுவரோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"உக்காரு," என்றாள் தங்கை. "திட்ட வரல."

"நேனு அடகலேது அக்கா," என்று தெலுங்கில் ஆரம்பித்து, தமிழுக்கு மாறினாள். "நான் கேக்கல அக்கா. அவங்கதான் வந்து கேட்டாங்க. உங்களுக்குத்தான் குழந்தை நிக்காதுன்னு சொன்னாங்க."

"இப்ப உனக்கு நின்னுச்சா?"

அந்தப் பெண் அழுதாள். அவள் அழுது முடிக்கட்டும் என்று தங்கை நின்றாள். பிறகு உறையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். "இது என்னுது. சரியா இருக்குது. அடியில அட்ரஸ் இருக்குது பார். உன்னுதும் சரியாத்தான் இருக்கும். பாக்க வேண்டியது அவருத. மூணாவதுக்கு முன்னாடி பாரு."

"ஒத்துக்க மாட்டாரு அக்கா."

"எங்கிட்ட ஒத்துக்கல. நீ புதுசு." தங்கை காகிதத்தை நான்காக மடித்து அவள் தலையணைக்கு அடியில் வைத்தாள். "இங்க ரத்தம் எடுத்துக் குடுத்து அனுப்பாத. ஆளையே அங்க கூட்டிகினு போ. யாராவது பொட்டியில ஐஸ் வெச்சி எடுத்துகினு போறேன்னு வந்தா குடுத்துடாத."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே வரும்போது அத்தை டீயோடு எதிரில் வந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு, தெரியாத ஆட்களுக்கு வழி விடுவது போல ஓரமாக நின்றாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. ஸ்டேஷன் வாசலில் சவாரிக்கு நின்றிருந்தேன். அம்மையார்குப்பம் பஸ்ஸிலிருந்து பாவா இறங்கினார். பின்னால் அந்தப் பெண். திங்கட்கிழமை தறியை நிறுத்திவிட்டு அவர் வந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு சென்னை போகும் ரயிலுக்கு நடந்தார்கள். பாவா என்னைப் பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டார். ஊசிக்குத் திருப்பின மாதிரியே.

ஜவுளிக்கடைக்குப் போய்த் தங்கையிடம் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த புடவையை மடித்து முடித்தாள். அதை அடுக்கில் வைத்தாள். எனக்குச் செய்யாததை அவளுக்குச் செய்கிறார் பார் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"கையில பொட்டி இருந்துச்சா?" என்றாள்.

"இல்ல."

"சரி," என்று அடுத்த புடவையை எடுத்தாள்.